பினோதினி பெயரில் ஓர் அரங்கு: கட்டடம் எது, பெயர் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொல்கத்தாவின் ஸ்டார் தியேட்டர் இனி பினோதினி தியேட்டர் என்று வழங்கப்படும் என மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி 2024 டிசம்பர் 30-இல் அறிவித்தார். அது முதல் தமிழில் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிவரும் குறிப்புகள் பலவற்றில் ஒரே செய்திதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்க நாடக நடிகை பினோதினி தாசி, தாம் கட்டிய அரங்குக்கே 141 ஆண்டு கழித்துத் தம் பெயரைப் பெற்றுவிட்டாராம். நல்ல செய்திதான், ஆனால் பாதிதான் சரி. அவர் மண் சுமந்து எழுப்பிய கட்டடம் இன்று இல்லை. இப்போது அவர் பெயர் ஏறியிருக்கும் அரங்கில் அவர் ஒரு நாள்கூட நடித்ததில்லை. அப்படியிருந்தும் இந்தப் பெயர்மாற்றம் முறையானதுதான் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். மலேசியாவில் மண்டபம் கட்டும், மண்டபத்தைப் புதுப்பிக்கும் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பயன் உண்டு.

முதலில் பெயர். பினோதினி என்பது நம் வினோதினிதான். வங்காளியின் நாவில் 'வ' 'ப' ஆகிவிடும். இந்த ஓர் எழுத்து பின்னால் வேலை செய்யப் போகிறது என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஊரார் ஒதுக்கிவைத்த குடும்பம் ஒன்றில், கொல்கத்தாவின் கார்ன்வாலிஸ் தெரு 145-ஆம் எண் வீட்டில் பிறந்தவர் அவர். 1874 டிசம்பரில் கிரேட் நேஷனல் தியேட்டரில் திரௌபதியின் தோழியாக ஒரு சிறு வேடத்தில் முதன்முதலாக மேடையேறியபோது வயது பன்னிரண்டை ஒட்டி இருக்கும். மாதச் சம்பளம் பத்து ரூபாய்.

அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 1873 ஆகஸ்ட்டில், பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி மேடையேற்றியது. அதுவரை வங்காளத்தின் பொது அரங்கிலும் நம் ஊர் ஸ்திரீபார்ட் போல ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். பெண் வேடத்தைப் பெண்ணே கட்டட்டும் என்று வற்புறுத்தியவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர். அது பிடிக்காமல் விலகிப் போனவர் ஈஸ்வர் சந்திர வித்யாசாகர். விதவை மறுமணத்துக்காக அத்தனை பாடுபட்ட மனிதரே நாடகமேடையில் பெண் நிற்பதை ஏற்கவில்லை. பினோதினி கால்வைத்த மேடை இப்படிப்பட்டது.

1880-களின் தொடக்கத்தில் அவர் நேஷனல் தியேட்டரின் முதன்மை நடிகை. ஆசிரியரும் இயக்குநருமாக இருந்தவர் கிரீஷ் சந்திர கோஷ். முதலாளி பிரதாப்சந்த் ஜஹுரி, விடுப்பில் போன நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்றதில் பிணக்கு முற்றியது. நடிகர் குழு சொந்த அரங்கு தேடத் தொடங்கியது. அப்போதுதான் குர்முக் ராய் என்ற இளம் மார்வாரி வணிகர் வருகிறார். அவர் கேட்டது பினோதினியை. அரங்கு எதற்கு, ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பினோதினி பணம் வேண்டாம், அரங்குதான் வேண்டும் என்றார். கிரீஷும் மற்ற நடிகர்களும் அவரை அதற்கு இணங்கவைத்தார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கொடுத்த வாக்கு, அரங்குக்கு உன் பெயரின் முதலெழுத்தை வைப்போம் என்பது. 'பி தியேட்டர்'. தமிழில் பிறந்திருந்தால் அது 'வி தியேட்டர்' ஆகியிருக்கும்.

பீடன் தெரு 68-ஆம் எண் மனை. நிலம் குத்தகை நிலம். இந்த விவரத்தை மறக்க வேண்டாம், பிறகு இதுவே அரங்கைக் கவிழ்க்கிறது. கட்டுமானம் நடந்தபோது ஒத்திகை முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் பினோதினி அங்கேயே நிற்பார். பார்வையாளர் இருக்கைப் பகுதியில் பள்ளம் மேடாக வேண்டும். அவரே கூடையில் மண் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார். வேலையாட்கள் சோர்ந்தால் கூடைக்கு இத்தனை சோழி என்று பேசி ஊக்கப்படுத்தினார். 1912-இல் அவர் எழுதிய தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே சொல்கிறார்.

பெயரைப் பதிவு செய்யப் போய்வந்த நாளையும் அதே நூலில் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர்களிடம் ஆவலோடு, என்ன பெயர் பதிவாயிற்று என்று கேட்கிறார். அவர்களில் ஒருவரான தாசு பாபு, 'ஸ்டார்' என்கிறார். சிறிது நேரம் அவருக்குப் பேச்சே வரவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம் ஊகிக்கக் கூடியதுதான். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய இடத்துக்கு மரியாதைப்பட்ட குடும்பங்கள் வரமாட்டா என்ற அச்சம். ஆனால் அதே குடும்பங்களிடம் டிக்கெட் விற்றது அவருடைய நடிப்பை வைத்துத்தான்.

1883 ஜூலை 21-இல் ஸ்டார் திறக்கப்பட்டது. நாடகம் தட்ச யாகம், கிரீஷ் எழுதியது. பினோதினி தட்சனின் மகள் சதியாக நடித்தார். கொஞ்ச காலத்திலேயே குடும்பத்தின் நெருக்கடியால் குர்முக் ராய் விலகினார். அரங்கில் ஒரு பங்கைப் பினோதினிக்கே கொடுக்க விரும்பினார். வேண்டாம், நிர்வாகத் தொல்லை உங்களுக்கு எதற்கு என்று தடுத்துவிட்டவர் கிரீஷ். அரங்கு பதினோராயிரம் ரூபாய்க்கு நால்வர் கைக்குப் போயிற்று. அமிர்தலால் மித்ரா, அமிர்தலால் போஸ், ஹரிபிரசாத் போஸ், தாசுசரண் நியோகி. நால்வரும் ஆண்கள்.

1884 ஆகஸ்ட்டில் அதே மேடையில் சைதன்ய லீலை. பெண்ணான பினோதினி வைணவ மகான் சைதன்யராகவே நின்றார். செப்டம்பர் 21-இல் இராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து பார்த்து, அவரை ஆசீர்வதித்தார். இந்த நிகழ்ச்சி தமிழிலும் பலமுறை எழுதப்பட்டதுதான், விரிக்கவில்லை. 1887 பிறந்ததும் பினோதினி மேடையைவிட்டு விலகினார். வயது இருபத்து மூன்றோ நான்கோ. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தும் நடிக்கவில்லை.

இனி வருவதுதான் நம் குறிப்புகள் எல்லாம் தாண்டிப் போகிற இடம். அதே 1887-இல் கோபால் லால் சீல் என்ற செல்வர் பீடன் தெரு நிலத்தை விலைக்கு வாங்கிக் காலி செய்யச் சொன்னார். நிலம் அவருடையது, கட்டடம் பங்காளிகளான அந்த நால்வருடையது. வேறு வழியில்லாமல் கட்டடத்தை முப்பதாயிரம் ரூபாய்க்கு அவரிடமே கொடுத்தார்கள். ஆனால் 'ஸ்டார்' என்ற பெயரைக் கொடுக்கவில்லை, அதைத் தங்களோடு எடுத்துப் போனார்கள். சீல் தம் அரங்குக்கு எமரால்டு என்று பெயரிட்டு, கிரீஷையே இருபதாயிரம் ரூபாய் முன்பணம் தந்து மேலாளராக அழைத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் பதினாறாயிரத்தைக் கிரீஷ் பழைய பங்காளிகளிடம் கொடுத்தார். அதைக் கொண்டுதான் ஹாத்திபாகானில், கார்ன்வாலிஸ் தெருவில் புதிய ஸ்டார் எழுந்து 1888 மே 25-இல் திறந்தது. பினோதினி பிறந்த அதே தெரு. இன்று அதன் பெயர் பிதான் சரணி.

ஆக ஒரு நாடக அரங்கில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: நிலம், கட்டடம், பெயர். மூன்றும் ஒருவர் கையில் இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. பிரியும்போதுதான் எது யாருடையது என்று தெரியவரும். பீடன் தெருக் கட்டடம் எமரால்டு ஆனது, பிறகு கிளாசிக், கோஹினூர், மன்மோகன் என்று கை மாறிக் கை மாறிக் கடைசியில் சித்தரஞ்சன் அவென்யூ நீட்டப்பட்டபோது இடிபட்டுச் சாலைக்குள் போயிற்று. பினோதினி சுமந்த மண்ணின் மேல் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. ஹாத்திபாகான் ஸ்டாரும் 1991-இல் தீயில் எரிந்தது. மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டு பழைய முகப்பைக் காத்து உள்ளே புதிதாகக் கட்டி 2004-இல் திறந்தது. அதன் பிறகு பெரும்பாலும் சினிமாதான் ஓடியது.

கட்டடத்தைக் கணக்கில் கொண்டால் இந்தப் பெயர்மாற்றத்தில் பொருத்தமே இல்லை. பெயரைக் கணக்கில் கொண்டால் இதைவிடப் பொருத்தம் வேறில்லை. 1883-இல் பதிவேட்டில் 'பி'யின் இடத்தில் உட்கார்ந்தது எந்தச் சொல்லோ அதே 'ஸ்டார்' என்ற சொல்தான் பீடன் தெருவிலிருந்து ஹாத்திபாகானுக்கு நடந்து போயிற்று, தீயையும் தாண்டியது. 2024-இல் எடுக்கப்பட்டது அந்தச் சொல்லைத்தான். எடுத்த இடத்தில் வைத்ததும் முதலெழுத்தை மட்டுமல்ல, முழுப் பெயரை. முதலெழுத்து மரியாதையைவிட மறைப்புக்கே அதிகம் உதவும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

பாரிஸில் இதன் மறுபக்கம் நடந்தது. ஷாத்தலே சதுக்கத்தில் 1862-இல் திறந்த அரங்கை 1899-இல் நகராட்சியிடமிருந்து குத்தகைக்கு எடுத்த பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார், வாக்குறுதிக்கு எல்லாம் காத்திருக்கவில்லை, தம் பெயரையே வைத்துக்கொண்டார். அந்த மேடையில் ஹாம்லெட்டாக அவரே நடித்தார். 1900-இல் நெப்போலியனின் மகனாக நடித்தார். 1915-இல் ஒரு கால் வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் நடிப்பை விடவில்லை. 1923-இல் மறைந்தார். பெயர் நின்றது. ஆனால் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும், அவர் யூத வழியினர் என்பதற்காக அந்தப் பெயர் நீக்கப்பட்டுச் 'சித்தே' அரங்கு ஆனது. போருக்குப் பிறகு மீண்டும் சாரா பெர்னார் ஆனது. 1960-களில் உள்ளே இருந்த குதிரைலாட வடிவ மாடங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே சரிவில் இறங்கும் இருக்கை வரிசைகளாக மாற்றிக் கட்டினார்கள். 1968-இல் திறந்தபோது அது 'நகர அரங்கு'. இந்த முறை யாரும் பகையால் நீக்கவில்லை, புதுமை என்ற பெயரில் நழுவவிட்டார்கள். 2016-இல் மூடிப் பழுதுபார்த்து 2023-இல் திறந்தபோது நகர அரங்கு என்ற பெயரோடு சாரா பெர்னார் என்பதையும் சேர்த்தார்கள். பகையைக் காட்டிலும் புதுப்பிப்பு வேலைதான் அவர் பெயரை நீண்ட காலம் மறைத்துவைத்தது என்பதை நம் மண்டபப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

நியூயார்க்கில் நடிகை எத்தல் பேரிமோரின் பெயரில் 1928 டிசம்பர் 20-இல் திறந்த அரங்கு இன்றும் அதே பெயரில் நடக்கிறது. எங்கள் நிர்வாகத்தில் நடிக்க வந்தால் உங்கள் பெயரில் அரங்கு கட்டுகிறோம் என்று ஷூபர்ட் சகோதரர்கள் சொன்னார்கள், கட்டினார்கள், திறப்பு நாளில் அவரே நடித்தார். இன்னொரு நடிகையான ஹெலன் ஹேய்ஸின் பெயர் தாங்கிய அரங்கு அங்கேயே 1982-இல் ஒரு ஹோட்டலுக்காக இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே 44-ஆம் தெருவிலிருந்த வேறொரு சிறிய அரங்குக்கு அவர் பெயரை மாற்றிவிட்டார்கள். கட்டடம் போனாலும் பெயரைக் குடிமாற்றலாம் என்பதற்கு அது சான்று.

நம்மவரிடம் வருவோம். கே.பி. சுந்தராம்பாள். கே என்பது கொடுமுடி, பி என்பது அவர் தாயார் பாலாம்பாள். தாயின் பெயரைத் தலையெழுத்தாகத் தாங்கிய பெண். வங்காளத்தில் பதிவேட்டில் ஏற முடியாமல் போன அதே ஓர் எழுத்து, இங்கே தாயின் பெயராக வாழ்நாள் முழுவதும் கூட வந்தது. சிறுமியாக வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, ஸ்பெஷல் நாடகங்களில் பாடி, 1935-இல் நந்தனாராக ஆண் வேடமே கட்டித் திரையில் தோன்றியதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர். கொடுமுடியில் அவர் கட்டிய கே.பி.எஸ். திரையரங்கை 1969-இல் முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். வாக்குக் கொடுக்க ஒரு கிரீஷ், பணம் கட்ட ஒரு குர்முக் ராய் என்று அவர் யாரையும் நம்பி இருக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. சைதன்யராகப் பினோதினி, ஹாம்லெட்டாக சாரா, நந்தனாராக சுந்தராம்பாள். அரங்கின் பெயர்ப்பலகையோடு சேர்த்து மேலே பேசிய ஐவரில் இந்த மூவரும் ராஜபார்ட் கட்டியவர்கள். நாயகனின் இடத்தில் நின்று கூட்டத்தைப் பிடித்துக் காட்டிய பெண்ணுக்குத்தான் பெயர்ப்பலகை என்ற பேச்சு எளிதில் எழுகிறது போலும். பெண் வேடத்தில் காலம் முழுவதும் நின்றவர்களில் பலருக்கு அந்தப் பேச்சும் இல்லை.

பினாங்குக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ண வேண்டாம். பீடன் தெருவில் தொங்கிய படுதாக்களும், தமிழ் நாடகக் குழுக்கள் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்ற தெருப் படுதா, தர்பார் படுதா, காட்டுப் படுதாவும், பங்சாவான் என்னும் மலாய் நாடக மேடையின் இஸ்தானா (அரண்மனை), தாமான் (பூங்கா), ஹுத்தான் (காடு) திரைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சட்டமிட்ட மேடை, உருளையில் சுருண்டு ஏறும் ஓவியத் திரை, கதைக்கு நடுவே பாட்டு என்ற இந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றவை பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள். அவை பினாங்குக்கும் வந்தன. ஊரார் அவற்றை வாயாங் பார்சி என்றார்கள். அதைப் பார்த்து 1880-களில் பினாங்கிலேயே பிறந்தது பங்சாவான். அதன் முதன்மை நடிகைக்கு ஸ்ரீ பங்கோங் என்று பட்டம். பங்கோங் என்றால் அரங்கு. அரங்கின் பெயரை நடிகைக்கு மகுடமாகச் சூட்டிய ஊர் இது. நடிகையின் பெயரை அரங்குக்குச் சூட்டுவது மட்டும் இங்கே அரிதாகவே இருக்கிறது.

நம் மண்டபங்களின் பெயர்களைப் பாருங்கள். கோலாலம்பூரில் நூல் வெளியீடும் நாடகமும் நடக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் கூட்டுறவுத் தலைவர் ஒருவரின் உழைப்பை நினைவூட்டுகிறது. அது தகும். பணம் திரட்டியவர், நிலம் கொடுத்தவர், சங்கத்தை நடத்தியவர் பெயர்கள் கல்லில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்து லயங்களுக்கு நடுவே கீற்றுப் பந்தலில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஒலிவாங்கி இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் எட்டப் பாடிய பெண்களும், இன்றைய மின்னல் பண்பலைக்கு முந்திய வானொலி நாடகங்களில் குரலாலேயே வாழ்ந்த பெண்களும் அந்தக் கல்லில் ஏறவில்லை. ஒரு முழு மண்டபம் வேண்டாம், மண்டபத்தின் மேடைக்கோ ஒத்திகை அறைக்கோ பெயர் வைத்தாலும் போதும். எந்தச் சங்கமாவது அதற்கு முன்வந்தால், மேலே சொன்ன வரலாற்றிலிருந்து சில நடைமுறைகளை எடுத்துக்கொள்ளலாம்.

திறப்பு விழா மேடையில் அறிவிப்பது பெயர் வைப்பது ஆகாது. பினோதினிக்கு நடந்தது அதுதான்: வாயில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர். செயலவை முடிவாக மட்டும் விட்டால் அடுத்த செயலவை அதை மாற்றிவிடும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் சங்கத்தின் சட்டவிதியிலேயே ஒரு பிரிவு சேர்த்து, பெயரை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வாக்கு தேவை என்று எழுதலாம். சட்டவிதித் திருத்தம் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் வந்த பிறகே செல்லும் என்பதால் காலம் பிடிக்கும். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் நடக்காது.

நிலம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் நிலத்திலோ, பள்ளி வளாகத்திலோ, வாடகைக் கட்டடத்திலோ இருக்கும் மேடைக்குச் சங்கம் வைக்கும் பெயர் நிலத்துக்காரர் இருக்கச் சொல்லும்வரைதான். அங்கே ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: கட்டடம் இடிக்கப்பட்டாலோ இடம் மாறினாலோ இந்தப் பெயர் சங்கத்தோடு புதிய இடத்துக்கு வரும். ஸ்டாரின் பங்காளிகள் செய்தது இதைத்தான். ஹெலன் ஹேய்ஸ் பெயர் பிழைத்ததும் இப்படித்தான்.

புதுப்பிப்புக்குப் பெருந்தொகை தரும் நிறுவனம் தன் பெயரைக் கேட்கும். கேட்பதில் தவறில்லை. நன்கொடை ஒப்பந்தத்தில், நடிகையின் பெயர் அரங்குக்கு, கொடையாளரின் பெயர் அதன் கீழ் சிறிய எழுத்தில் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. எழுதாமல் விட்டால் முதல் ஆண்டில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும், மூன்றாம் ஆண்டில் நீண்ட பெயர் வாயில் நுழையாமல் சுருங்கும். சுருங்கும்போது எப்போதும் விழுவது அந்தப் பெண்ணின் பெயர்தான்.

அடுத்தது பெயர்ப்பலகை. வெளியே மாட்டும் பலகைக்கு ஊராட்சி அனுமதி வேண்டும். தலைநகரில் தேசிய மொழி முதலிடத்தில், மற்ற மொழிகளைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சொற்களுக்கு மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் ஒப்புதலும் வேண்டும். பலர் செய்யும் தவறு, மலாயில் 'டேவான் செர்பகுனா' (பல்நோக்கு மண்டபம்) என்று பொதுப்படப் போட்டுவிட்டு நடிகையின் பெயரைத் தமிழ் வரியில் மட்டும் எழுதுவது. அப்படிச் செய்தால் வரைபடச் செயலியிலும், கடிதங்களிலும், நிகழ்ச்சி அனுமதிப் படிவங்களிலும் அந்தப் பெயர் ஏறாது. ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, டேவான் அல்லது பங்கோங் என்ற சொல்லுக்குப் பின் பெயரை முழுதாகப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ் வரியில் வேறு வகைத் தொல்லை. பலகைக் கடைக்குப் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினால், கடையின் வரைகலை மென்பொருளில் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கும் அமைப்பு இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும். 'கொடுமுடி'யின் 'கொ'வில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் உட்காரும், துணைக்கால் தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். தமிழ் தெரியாத வெட்டுநர் அந்த வட்டத்தையும் எழுத்து என்று நினைத்து அக்ரிலிக்கில் வெட்டிவிடுவார். எழுத்தை வரைகோடாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, வெட்டுவதற்கு முன் உண்மை அளவில் தாளில் ஓர் அச்சு எடுத்துத் தமிழ் தெரிந்த இருவர் கையெழுத்திட்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். 'ணு', 'ழு' போன்றவற்றின் கீழ்ச்சுழிக்கு மலாய் எழுத்தைவிடக் கூடுதல் இடம் தேவை. பலகையின் அடி விளிம்பை ஒட்டி வைத்தால் சுழி சட்டத்துக்குள் மறைந்து 'ழு' 'ழ' ஆகிவிடும். பினாங்கின் கடற்காற்றில் பித்தளை எழுத்துகள் விரைவில் பச்சை பூத்துவிடும். கருங்கல்லில் செதுக்கி வண்ணம் நிரப்புவது நீடிக்கும், வண்ணம் வெளுத்தாலும் செதுக்கு நிற்கும்.

பலகையைவிட முக்கியமானது உள்ளே வைக்கும் குறிப்புக் கல். அதில் அந்தப் பெண்ணின் முழுப் பெயர், பிறந்த, மறைந்த ஆண்டுகள், நடித்த குழு, ஏற்ற வேடங்கள் இரண்டு மூன்று, அதோடு இந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு. நடித்தவரா, நிதி திரட்டியவரா, ஒன்றும் இல்லாமல் நினைவுக்காக மட்டும் வைத்த பெயரா என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். இதை எழுதாமல் விட்டால் இருபது ஆண்டில் வழிகாட்டிகளும் விக்கிப்பீடியாவும் தாமாக ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள். பினோதினிக்கு நடந்துகொண்டிருப்பது அதுதான். அழைப்பிதழ், டிக்கெட், பதாகை, செய்தியறிக்கை எல்லாவற்றிலும் முழுப் பெயரே வரவேண்டும் என்பதை மண்டப வாடகை விண்ணப்பத்திலேயே ஒரு நிபந்தனையாக அச்சிட்டுவிடலாம். வாடகைக்கு எடுப்பவர் அழைப்பிதழின் மாதிரியைக் காட்டிய பிறகே சாவி.

கடைசியாக உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ஹாத்திபாகான் முகப்பின் படத்தை வெளியிடும்போது, பினோதினி கட்டிய அரங்கு என்று அடிக்குறிப்பு எழுத வேண்டாம். இப்படிப் போடலாம்: "பினோதினி தியேட்டர், கொல்கத்தா. 1888-இல் ஸ்டார் என்ற பெயரில் திறந்தது. 1991-இல் எரிந்து 2004-இல் மீண்டும் திறந்தது. பினோதினி தாசி நடித்த முதல் ஸ்டார் பீடன் தெருவில் இருந்தது, இன்று இல்லை." நான்கு வரி. படத்துக்குக் கீழே அடங்கிவிடும்.

அன்புடன்,
நாடக அரங்கப் பணியில் உள்ள வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு